மோதிரம், மணிக்கூடு, காப்பு நூலோட கண்ணாடி பொறிக்கலாமா? கொழும்பில செய்த ஆக்கள் சொல்லுங்கோ

கடற்கரைக்காற்று

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில இருக்கிறன். தையில தங்கச்சிக்குக் கலியாணம். கண்ணாடிக் குவளைகளில பொம்பிளை மாப்பிள்ளை பேரைப் பொறிச்சுக் குடுக்க ஆசை. கண்ணாடியை அரிக்கிற கிறீம் ஒண்டு இணையத்தில விக்கினம். எழுத்து வெட்டின ஸ்டிக்கரை ஒட்டி, மேல கிறீமைப் பூசி, கொஞ்ச நேரத்தால கழுவினால் பனி படிஞ்ச மாதிரி எழுத்து விழுது. காணொளியில பார்க்க லேசாத்தான் இருக்கு. அதில வாற கனபேர் வெறுங்கையோட, மோதிரம் மணிக்கூட்டோடதான் செய்யினம்.

நான் கலியாண மோதிரம் கழட்டிறேல்லை. மாமிக்கும் அது விருப்பமில்லை, எனக்கும் மனம் வாறேல்லை. இடக்கையில கௌரி விரதக் காப்பு நூல் கட்டியிருக்கிறன், அடுத்த விரதம் வரைக்கும் அவிழ்க்கக் கூடாது. மணிக்கூடு மட்டும் குளிக்கேக்கை கழட்டுவன். மேல கையுறை போட்டுக்கொண்டு செய்தால் போதும்தானே? இல்லாட்டி வேற வழி இருக்கோ?

கண்ணாடிப்பட்டறை

வணக்கம் அக்கா. நமக்கு கொட்டாஞ்சேனைப் பக்கம் கண்ணாடி வேலை. கதவு, அலுமாரி, சாமி அறைக் கண்ணாடி, எல்லாத்துலயும் படம் எழுத்து போடுவோம். பட்டறைக்குள்ள வேலைக்கு வர்றவங்க யாரா இருந்தாலும் மோதிரம், வாட்ச், கைச்சங்கிலி எல்லாம் மேசை லாச்சிக்குள்ள வச்சுட்டுத்தான் உள்ள வரணும். முதலாளியா இருந்தாலும் அதே சட்டம்தான். சுத்துற மெசின்ல மோதிரம் மாட்டினா விரலை வெட்டாது, தோலைச் சதையோட உருவிடும். மெசினே வேணும்னு இல்லை. 2015ல அமெரிக்க டிவி நிகழ்ச்சி நடத்துற ஜிம்மி ஃபாலன் வீட்டுல கால் தடுக்கி விழும்போது மோதிரம் மேசை விளிம்புல மாட்டி, விரலைக் காப்பாத்த ஆறு மணிநேரம் ஆப்பரேசன் செய்ய வேண்டி வந்துச்சு.

கிறீம் விசயம் அதைவிட வேற மாதிரி. அதை விவரம் தெரிஞ்சவங்க சொல்லட்டும். சில குவளைக்குப் பேர் எழுத கிறீமே தேவையில்லைங்கிறது என் எண்ணம்.

ஆய்வுகூடம்

பாடசாலையில் இரசாயனவியல் படிப்பிக்கிறேன், ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியின் அடிப்படை சிலிக்கா. வீட்டில் உள்ள அமிலங்களோ, பாடசாலை ஆய்வுகூடத்தில் உள்ள கடும் அமிலங்களோ அதைத் தொடுவதில்லை. அதனால்தான் அவற்றைக் கண்ணாடிப் போத்தலிலேயே வைக்கிறோம். சிலிக்காவை எளிதாகக் கரைப்பது புளோரைட்டு. 1771 இல் கார்ல் வில்லெம் ஷீலே என்ற சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் புளோர்ஸ்பார் என்ற கனிமத்தை அமிலத்தோடு சூடாக்கி ஆராய்ந்தபோது, அவருடைய கண்ணாடிப் பாத்திரமே அரிபட்டது. இன்று அதை ஐதரோபுளோரிக் அமிலம் என்கிறோம். அதைக் கண்ணாடியில் வைக்க முடியாது, பிளாத்திக்குக் கொள்கலனில்தான் வைப்பார்கள்.

நீங்கள் சொல்லும் கிறீமில் பெரும்பாலும் இருப்பது அமோனியம் பைபுளோரைட்டு அல்லது சோடியம் பைபுளோரைட்டு. போத்தலில் "அமிலம்" என்ற சொல் இல்லாததால் பலர் அதை ஒப்பனைக் கிறீம் போலக் கையாளுகிறார்கள். ஈரத்தில் அது செய்யும் வேலை அதே அமிலத்தின் வேலைதான். இல்லாவிட்டால் கண்ணாடி எப்படி அரிபடும்?

இந்த அமிலத்தின் ஆபத்து அதன் வலிமையில் இல்லை. இரசாயனக் கணக்கில் இது மென்னமிலம். மூலக்கூறு பிரியாமல் முழுதாக இருப்பதால்தான் தோலை ஊடுருவி உள்ளே போகிறது. போன இடத்தில் புளோரைட்டு கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்கிறது. எலும்பு வரை போகலாம். அதிக அளவில் பட்டால் இரத்தத்தில் கல்சியம் குறைந்து இதயத் துடிப்பே குழம்பும்.

இப்போது உங்கள் மோதிரத்தை நினைத்துப் பாருங்கள். மோதிரத்துக்கும் விரலுக்கும் இடையில் ஒரு மெல்லிய இடைவெளி. அங்கே போன திரவம் வெளியே வராது, தண்ணீர் ஊற்றினாலும் அடி வரை கழுவுபடாது, காயவும் மாட்டாது. காப்பு நூலும் தோல் பட்டியும் இன்னும் மோசம். அவை உறிஞ்சி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் தோலோடு ஒட்டிக் கிடக்கும்.

இரவுப்பணி

தாதியா வேலை செய்யிறன். ஆசிரியர் எழுதினதோட இதையும் வாசிச்சுப் போட்டு முடிவெடுங்கோ தங்கச்சி.

சுடுதண்ணி பட்டால் உடனே தெரியும், கையை இழுப்பம். இது அப்பிடி இல்லை. 20 வீதத்துக்குக் குறைஞ்ச செறிவெண்டால் வலி தொடங்க 24 மணித்தியாலம் வரைக்கும் போகலாம். பின்னேரம் வேலை செய்தவை விடியப்புறம் விரல் துடிக்க எழும்புவினம். தோலில பெரிசா ஒண்டும் தெரியாது, வலி மட்டும் தாங்கேலாமல் இருக்கும். அப்ப ஆளுக்கு முதல் நாள் பூசின கிறீம் ஞாபகத்துக்கும் வராது. வந்தாலும் "அப்பவே கழுவிட்டன்" எண்டுதான் சொல்லுவினம்.

பட்டுது எண்டு சந்தேகம் வந்தாலே வலிக்குதோ எண்டு பார்த்துக்கொண்டு நிக்கக் கூடாது. மோதிரம், மணிக்கூடு, நனைஞ்ச உடுப்பு எல்லாத்தையும் கழட்டிப் போட்டு ஓடுற தண்ணியில பதினைஞ்சு நிமிசமாவது கழுவுங்கோ. 2.5 வீத கல்சியம் குளுக்கோனேற்று ஜெல் கையில இருந்தால் அஞ்சு நிமிசக் கழுவலோட அதைப் பூசத் தொடங்கலாம். பிறகு ஆஸ்பத்திரி. கிறீம் போத்தலைக் கையோட கொண்டு வாங்கோ, அல்லது லேபிளைப் படம் எடுத்துக் காட்டுங்கோ. "ஏதோ கிறீம் பட்டது" எண்டு சொன்னால் வைத்தியருக்கு விளங்காது, "புளோரைட்டு" எண்ட சொல்லைச் சொல்ல வேணும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில நச்சுத் தகவல் நிலையம் இருக்கு, வைத்தியர்கள் அங்க கேட்டுக்கொள்ளுவினம். வர வழியில்லையெண்டால் 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு எடுங்கோ, காசில்லை.

கையுறையைப் பற்றியும் கேட்டீங்கள். மோதிரத்துக்கு மேல மெல்லிய கையுறை போட்டால் கல்லுப் பதிச்ச இடத்தில கிழியும். ஊசிமுனை அளவு ஓட்டை போதும். பிறகு கையுறைக்குள்ள போனது வெளிய வராது, மோதிரத்துக்குக் கீழ போனதைப் போல. மருந்துக் கடையில விக்கிற மெல்லிய லேட்டெக்ஸ் இதுக்குச் சரிவராது. நியோப்பிரீன் அல்லது தடிச்ச நைற்றைல், மணிக்கட்டுக்கு மேல வரைக்கும் நீளமானது வேணும்.

கடற்கரைக்காற்று

வாசிச்சுப் போட்டு உண்மையா யோசனையாப் போச்சு. கிறீம் வாங்கினால் மோதிரம் கழட்டத்தான் வேணும் எண்டு விளங்குது. ஆனால் காப்பு? அதை எப்பிடி அவிழ்க்கிறது? எனக்கு அது வெறும் நூல் இல்லை.

மருதானைநானா

தங்கச்சி, இதுக்கு எங்கட பக்கத்துல இருந்து ஒண்ட சொல்றேன். நாங்க தொழுகைக்கு முந்தி ஒளு எடுத்துக் கைகால் கழுவக்குள்ள விரல்ல இறுக்கமான மோதிரம் இருந்தா அத அசைச்சு, அடியில தண்ணி போற மாதிரி செய்யணும். வாப்பா சின்ன வயசிலேயே சொல்லித் தந்தது. அவர் வெள்ளி மோதிரம் போடுவார், அகீக் கல்லு வெச்சது. எங்க மார்க்கத்துல ஆம்புளைங்களுக்குத் தங்கம் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்தானே. நாளைக்கு அஞ்சு நேரம் அந்த மோதிரம் விரல்ல சுத்தும், ஒரு நாளும் இறுகிப் போனதில்ல. அசையாத மோதிரத்துக்குக் கீழ தண்ணியே சும்மா போகாது எண்டா, அங்க போன மருந்து எப்பிடி வெளிய வரும்?

காப்பு விசயத்துல நான் கருத்துச் சொல்றது முறையில்ல. ஆனா அந்தக் கைய இந்த வேலைக்கு வைக்காம இருக்கிறதும் மரியாததானே? வேற கையிட்ட குடுங்க.

செட்டியார்தெரு

நானா சொன்னது சரியான பேச்சு. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் செட்டியார் தெருவில் நகை வேலை. ஒரு பக்கத்தை யாரும் தொடவில்லை: மோதிரத்துக்கே என்ன நடக்கும்?

22 கரட் என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். தங்கத்தை இந்தக் கிறீம் ஒன்றும் செய்யாது. அதனால் "தங்கம்தானே, போட்டுக்கொண்டே செய்யலாம்" என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் மோதிரத்தில் தங்கம் மட்டுமா இருக்கிறது? சாத்திரம் பார்த்துப் போட்ட முத்தும் பவளமும் கல்சியம் காபனேற்று. புளோரைட்டு தேவையில்லை, வினாகிரி பட்டாலே மினுக்கம் போய்விடும். நவரத்தின மோதிரத்தில் இரண்டும் இருக்கின்றன. கோமேதகம் சிலிக்கேற்று வகை, சந்திரகாந்தக் கல்லும் அப்படியே, நானாவின் வாப்பா போட்ட அகீக்கும் அப்படியே. கண்ணாடியை அரிப்பது இவற்றின் மெருகையும் கெடுக்கும். இரத்தினபுரி நீலக்கல் வேறு இனம். அது அலுமினியம் ஒட்சைட்டு, அமிலத்துக்கு அசையாது. ஆனால் சிவப்புக் கல் வாங்கும்போது கவனம். வெடிப்புகளை ஈயக் கண்ணாடியால் நிரப்பிய மாணிக்கங்கள் சந்தையில் உண்டு. அந்த நிரப்பை எலுமிச்சம் சாறே அரிக்கும்.

தைத்தேனியம் மோதிரம் இப்போது பையன்கள் விரும்பிப் போடுகிறார்கள். மற்றப் பல அமிலங்களுக்கு அசையாத தைத்தேனியத்தை இந்தப் புளோரைட்டு அரித்துவிடும். நான் சொல்ல வந்தது: நகையைக் காப்பாற்ற நினைத்தாலும் கழற்றத்தான் வேண்டும், விரலைக் காப்பாற்ற நினைத்தாலும் கழற்றத்தான் வேண்டும்.

மணிக்கூடுதிருத்துபவர்

கைமணிக்கூட்டுக்கும் அதே கதைதான். அதன் முகக் கண்ணாடி பல வகை. சாதாரண மினரல் கண்ணாடி என்றால் ஒரு துளி தெறித்தாலே வெள்ளைப் புள்ளி விழும், தேய்த்தாலும் போகாது. பழைய மணிக்கூடுகளின் அக்கிரிலிக்கில் பொறியாது, செயற்கை நீலக்கல்லிலும் பொறியாது. ஆனால் அது எதுவென்று பலருக்குத் தெரியாது.

"30 மீற்றர் தண்ணீர் தாங்கும் என்று போட்டிருக்கிறதே, அப்படியே குழாயடியில் கழுவலாமே" என்றும் கேட்கிறார்கள். அந்த 30 மீற்றர் 3 பார் அழுத்தத்தைச் சொல்வது. மழை, முகம் கழுவும்போது தெறிக்கும் தண்ணீர், அவ்வளவுதான். பழைய இரப்பர் வளையம் காய்ந்திருந்தால் அதுவும் இல்லை. கொழும்பு வெக்கையிலும் உப்புக்காற்றிலும் அது காய நாளாகாது.

எங்கள் பழைய ரீச்சர்மார் முகத்தை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக் கட்டுவார்கள். மேசையிலும் சுவரிலும் இடிபடாமல் கண்ணாடியைக் காக்க நல்ல பழக்கம். இந்த வேலைக்கு மட்டும் அது உதவாது. சிந்துவது உள்ளங்கைப் பக்கம்தான் வடியும்.

பஞ்சிகாவத்தைப்பெடியன்

இவ்வளவு பயப்பிட வேணுமா? எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் வெறுங்கையோட செய்திருக்கினம், ஒண்டும் நடக்கேல்லை. அப்பிடிப் பட்டாலும் புளோரைட்டுக்குக் கல்சியம்தானே மருந்து? வீட்டில வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்பு இருக்கு. அதைக் குழைச்சுப் பூசினால் முடிஞ்சுது.

எனக்கும் ஒரு கேள்வி. என்ர கார் பக்கக் கண்ணாடியில (சைட் மிரரில) வண்டி இலக்கம் பொறிக்க வேணும், களவெடுக்கிறவன் தொடமாட்டான். கிறீம் நல்லதோ, மெசின் நல்லதோ?

இரவுப்பணி

தம்பி, சுண்ணாம்பை மட்டும் தயவுசெய்து பூசாதைங்கோ. அது கல்சியம்தான், ஆனால் தானே தோலைப் பொசுக்கிற காரம். அமிலம் தின்ன தோலில காரத்தையும் வைச்சால் ரெண்டு புண். ஜெல்லில இருக்கிற கல்சியம் குளுக்கோனேற்று தோலுக்குத் தீங்கு செய்யாமல் புளோரைட்டைப் பிடிக்கும். அதாலதான் அதை மருந்து எண்டுறம். ஆசிரியர் வேணுமெண்டால் சொல்லட்டும், சிந்தின கிறீமைத் துடைக்கிற துணிக்குச் சுண்ணாம்பு சரியாம், கைக்கு இல்லை.

ஒண்டும் நடக்காத ஆக்களைப் பற்றிச் சொன்னீங்கள். சந்தோசம். நடந்த ஆக்கள்தான் எங்களிட்ட வருகினம்.

மோதிரம் கழட்டிறது நம்பிக்கைக்கு விரோதம் எண்டு நினைக்கிறவைக்கு இன்னொண்டு. 2007 இல இங்கிலாந்தில சுகாதாரத் திணைக்களம் ஆஸ்பத்திரி ஆக்கள் முழங்கைக்குக் கீழ ஒண்டும் அணியக் கூடாது எண்டு சொன்னது, கைமணிக்கூடும்தான். வெறும் கலியாண மோதிரத்துக்கு மட்டும் இடம் விட்டினம். சத்திர சிகிச்சை அறைக்குள்ள அதையும் கழட்டுவம். நானும் வேலை நேரம் முழுக்க என்ர மோதிரத்தைச் சங்கிலியில கோத்துச் சட்டைக்குள்ள போட்டிருப்பன். விரலில இல்லையெண்டு என்ர கலியாணம் ஒண்டும் குறையேல்லை.

ஆய்வுகூடம்

ஆம், சுண்ணாம்பும் புளோரைட்டும் சேர்ந்தால் கல்சியம் புளோரைட்டு, கரையாத பொடி. தரைக்கும் துணிக்கும் சரி. சகோதரி சொன்னதுபோலத் தோலில் வைக்கவே வேண்டாம்.

வீட்டில் இன்னோர் இடத்திலும் இதே வகைப் பொருள் ஒளிந்திருக்கிறது. சில துருக்கறை நீக்கிகளிலும் வாகனச் சில்லு கழுவும் திரவங்களிலும் ஐதரோபுளோரிக் அமிலமோ பைபுளோரைட்டோ சேர்க்கிறார்கள். குழாயடித் துருவைத் தேய்க்கும்போதும் லேபிளைப் பாருங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள்.

கண்ணாடிப்பட்டறை

தம்பி, உங்க கேள்விக்கும் அக்கா கேள்விக்கும் சேர்த்தே சொல்றேன்.

வைர முனை வச்ச சின்ன சுழல் மெசின் போதும். கண்ணாடியோட கடினம் மோஸ் அளவுல ஏறக்குறைய 5.5, வைரம் 10. அதனால அழுத்தவே வேணாம், எழுதுற மாதிரித் தொட்டுக்கிட்டே போனாப் போதும். அழுத்தினா சூடாகி விளிம்பு சில்லுப் போகும். குவளைக்குள்ள எழுத்து அச்சடிச்ச தாளை ஒட்டி வச்சு, வெளிப்பக்கம் அதே கோட்டுல போங்க. எழுதுற இடத்துல அப்பப்ப தண்ணி தொட்டு வைங்க. தூசி பறக்காது, சூடும் ஏறாது. தண்ணி இருக்கிறதால பட்டரி மெசின்தான் நல்லது, 230 வோல்ட் வயரோட ஈரத்துல உக்காராதீங்க. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு என்95 மாஸ்க். மெசினுக்குக் கையுறை வேணாம், துணி மாட்டினா கையையும் சேர்த்து இழுக்கும். காப்பு நூலும் அதே மாதிரி மாட்டும் அக்கா, அதை மறந்துடாதீங்க.

மணல் அடிச்சுப் பொறிக்கிற இடத்துக்குக் குடுக்கிறவங்க, அவங்க எந்த மணல் அடிக்கிறாங்கனு கேளுங்க. ஆத்து மணலோ கடல் மணலோனா நுரையீரலுக்குக் கேடு. பிரிட்டன்ல உலோக வார்ப்புகள் மேல சிலிக்கா மணல் அடிக்கிறதை 1949 சட்டத்துலயே தடுத்துட்டாங்க. அலுமினியம் ஒக்சைட் அடிக்கிறவங்ககிட்டக் குடுங்க.

கார் பக்கக் கண்ணாடிக்கு மெலிசாப் பொறிச்சாப் போதும் தம்பி. கதவுக் கண்ணாடியில மட்டும் ஆழமாக் கீறாதீங்க. அது உறுதியாக்கின கண்ணாடி, மேல் தோல் உடைஞ்சா மொத்தமும் சில்லுச் சில்லாக் கொட்டிடும். குளியலறைக் கதவும் அப்படித்தான்.

கிறீம்தான் வேணும்னு நிக்கிறவங்களுக்கு: குவளை வாய் வைக்கிற இடத்துல இருந்து நல்லாக் கீழ, வெளிப்பக்கம் மட்டும் பூசுங்க. கழுவுறதுக்கு பிளாஸ்டிக் பேசின். வெள்ளை பீங்கான் சிங்க்ல ஊத்தினா அதோட மினுமினுப்பும் போயிடும். அடுப்புல வைக்கிற மாதிரிச் சில கண்ணாடில கிறீம் சரியாப் பிடிக்காது.

கடற்கரைக்காற்று

எல்லாருக்கும் நன்றி. முடிவெடுத்திட்டன். கிறீம் வாங்கேல்லை. தம்பியாரிட்டச் சுழல் மெசின் ஒண்டு இருக்கு, எழுத்து வேலை அவன் செய்யட்டும். நான் தாளில வடிவு வரைஞ்சு, அளவு வெட்டி, உள்ளுக்கு ஒட்டிக் குடுக்கிறன். காப்பும் இருக்கும், வேலையும் நடக்கும்.

அவனிட்ட மோதிரம் கழட்டச் சொன்னால் ஒரு சிக்கல். விரல் வீங்கி இறுகிப் போய்க் கிடக்கு, கழருதில்லை. என்ன செய்யலாம்?

செட்டியார்தெரு

மத்தியானத்தில் முயற்சி செய்யாதீர்கள், வெக்கைக்கு விரல் தடித்திருக்கும். விடியற்காலையில் கையைத் தலைக்கு மேலே சில நிமிடம் தூக்கி வைத்திருந்து, குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, சவர்க்காரமோ தேங்காய் எண்ணெயோ தடவித் திருகித் திருகி இழுக்கச் சொல்லுங்கள். வராவிட்டால் மெல்லிய நூலின் ஒரு முனையை மோதிரத்துக்குக் கீழே செலுத்தி, மறுமுனையால் மோதிரத்தின் வெளிப்பக்கத்திலிருந்து முட்டி தாண்டும் வரை விரலை நெருக்கமாகச் சுற்றுங்கள். பிறகு கீழே செலுத்திய முனையைப் பிடித்து அவிழ்க்க அவிழ்க்க மோதிரம் நூலோடு சேர்ந்து நகரும்.

விரல் நீலித்தாலோ மரத்தாலோ நூலைச் சுற்ற வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே வெட்டி எடுப்பார்கள். தங்கம் வெட்டுப்பட்டால் நாங்கள் ஒட்டித் தருவோம், அளவும் கூட்டித் தருவோம்.

பஞ்சிகாவத்தைப்பெடியன்

அண்ணா, என்ர மோதிரம் ரங்ஸ்ரன் காபைட். அதை வெட்ட ஏலுமோ?

செட்டியார்தெரு

சாதாரண மோதிர வெட்டியால் வெட்ட ஏலாது தம்பி. அது மிகக் கடினம், ஆனால் நொறுங்கும் குணம் உள்ளது. பூட்டுக் குறடால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் வெடித்து விழும். ஆஸ்பத்திரியில் என்ன மோதிரம் என்று முதலிலேயே சொல்லுங்கள். வெட்டியால் முயன்று நேரம் போகாது. கண்ணாடி பொறிக்கும் நாளில் அதையும் லாச்சிக்குள் வையுங்கள்.